பார்வோ வந்த நாய்க்குட்டியைக் கேனுலாவோட வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, ராத்திரி எப்படிப் பார்க்கிறது? (பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை பக்கம்)

தோப்புவீடு | வியாழன் இரவு 8:10

எல்லாருக்கும் வணக்கமுங்க. எருத்தேம்பதி பக்கம் தோப்புல குடியிருக்கிறோம். மூணு வாரத்துக்கு முன்னாடி வேலந்தாவளம் செக்போஸ்ட்டுகிட்ட நின்ன லாரிக்கு அடியில கெடந்த கருப்புக் குட்டி ஒண்ணை மருமக தூக்கிட்டு வந்தா. கருப்பன்னு பேரு வச்சாச்சு. இப்ப மூணு மாசம் இருக்கும். வந்த வாரமே ஒரு தடுப்பூசி போட்டோம், அடுத்தது வர்ற திங்கக்கிழமை.

நேத்து பொழுதோட சோத்தை மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். ராத்திரி நாலு தடவை வாந்தி, மஞ்சள் நுரையா. காலைல ரத்தமா வயித்தால போச்சு. அந்த வாடை இன்னும் வீடெல்லாம் நிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பஞ்சுக் குச்சியில தொட்டு எடுத்து அட்டையில சொட்டு விட்டாங்க, ரெண்டு கோடு வந்துச்சு. பார்வோன்னாங்க, குடலைத் தாக்குற வைரஸ் நோவாம். ட்ரிப்ஸ் ஏத்துனாங்க, வாந்தி நிக்க ஒரு ஊசி, வேற ரெண்டு ஊசி. அங்க ராத்திரி வச்சுப் பார்க்க ஆளில்லை. முன்னங்கால்ல ட்ரிப்ஸ் ஏத்துன ஊசிக்குழாயை, அதான் கேனுலாவை, அப்படியே விட்டு ப்ளாஸ்டர் சுத்தி, காலைல ஒம்பது மணிக்கு வாங்கன்னு அனுப்பிட்டாங்க.

இன்னொண்ணு மனசை அரிச்சிட்டே இருக்குது. டாக்டரம்மா மலையாளத்துக்காரங்க. "பனி உண்டோ"ன்னு கேட்டாங்க. "ஆமாங்க, விடியக்காலம் கொஞ்சம் இருந்துச்சு"ன்னுட்டேன். மார்கழி மாசம், தோப்புல பனி எறங்கத்தானே செய்யும். சீட்டுல காய்ச்சல்னு எழுதிட்டாங்க. வெளிய வந்தப்புறம் மருமகதான் கண்டுபிடிச்சு ஓடிப் போய்த் திருத்துனா. இங்க வாக்கப்பட்டு வந்து 30 வருசம், மலையாளத்துல பனின்னா காய்ச்சல்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பதட்டத்துல காதுல விழுந்தது நம்மூர்ப் பனிதான்.

இப்ப சாக்கு விரிச்சு அடுப்படி ஓரமாப் படுக்க வச்சிருக்கேன். ராத்திரி முழுக்க முழிச்சிருக்க நான் தயார். ஆனா முழிச்சிருந்து என்ன செய்யோணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதநீர் | வியாழன் இரவு 8:26

அக்கா, பயப்படாதீங்க. போன வருசம் எங்க கோபாலபுரத்துல என் நாய்க்கும் இதே மாதிரி ரத்தமாப் போச்சு. மாதுளம்பழத் தோலை அரைச்சு மோர்ல கலக்கி ஊத்துனோம், மருந்துக்கடையில வயித்துப்போக்கு மாத்திரை ரெண்டு வாங்கிப் பொடிச்சுக் குடுத்தோம். நாலாம் நாள் எந்திரிச்சுட்டான். வாயைத் தொறந்து கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டே இருங்க, வயிறு காயக் கூடாது.

வார்டுஅக்கா | வியாழன் இரவு 8:51

அம்மா, வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. முதல்ல இதைப் படிச்சிடுங்க. வாந்தி எடுக்கிற குட்டிக்குத் தலையைத் தூக்கி ஊத்துனா பாதி மூச்சுக்குழாய்க்குப் போகும். பார்வோவைத் தாண்டி வந்த குட்டிங்க நுரையீரல்ல சளி கட்டிச் செத்ததை நான் பார்த்திருக்கேன். பதநீர் தம்பி நல்ல மனசோடதான் சொல்றார். ஆனா மனுசனுக்கான வயித்துப்போக்கு மாத்திரை குடலை அசையாம நிறுத்தும், உள்ள இருக்கிற விஷம் உள்ளேயே தங்கிடும். டாக்டர் எழுதித் தராத எதுவும் வேண்டாம்.

நான் பாலக்காடு டவுன்ல நாய் பூனை ஆஸ்பத்திரியில 11 வருசமா வேலை பார்க்கிறேன். ராத்திரி டியூட்டில நாங்க செய்யறதையே சொல்றேன், வீட்டுலயும் செய்யலாம்.

ஒரு நோட்டு எடுத்துக் கோடு போடுங்க. மணி, உடம்புச் சூடு, ஈறு, மூச்சு, வாந்தி, வயித்தால, மூத்திரம், எடை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுதுங்க. நீங்க பனின்னு சொல்லி டாக்டர் காய்ச்சல்னு எழுதுனாங்கன்னீங்க இல்லையா, 101.4னு எழுதியிருந்தா அந்தக் குழப்பமே வந்திருக்காது. நம்பருக்குத் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை.

சூடு பார்க்க டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், இதுக்குன்னு தனியா வச்சிடுங்க. நுனியில வாஸ்லின் தடவி, வாலைத் தூக்கி, ஆசனவாய்ல ஒரு இஞ்சுக்கும் குறைவா உள்ள விட்டு, பக்கவாட்டுச் சுவத்துல படற மாதிரி லேசாச் சாய்ச்சுப் பிடிங்க. மலத்துக்குள்ள குத்தி நின்னா சரியாக் காட்டாது. நாய்க்கு 100.5லிருந்து 102.5 வரைக்கும் சாதாரணம். நமக்குக் காய்ச்சல்னு தோணுற சூடு அதுக்கு இயல்பு, அதனால தொட்டுப் பார்த்துச் சொல்லவே முடியாது. இந்த நோவுல மேல ஏறுறதை விடக் கீழ இறங்குறதுதான் எனக்குப் பயம். 99க்குக் கீழ போனா மணி என்னன்னு பார்க்காம டாக்டருக்குப் போன் போடுங்க.

ஈறு: உதட்டைத் தூக்கி, கடைவாய்ப் பல்லுக்கு மேல விரலால ஒரு அழுத்து அழுத்தி விடுங்க. வெள்ளையாகித் திரும்ப ரோஸ் நிறம் வரும். ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ரெண்டுன்னு எண்ணுங்க. அதுக்குள்ள வந்திடணும். விரல் வழவழன்னு வழுக்கணும், காய்ஞ்சு ஒட்டுனா உடம்புல தண்ணி இல்லைன்னு அர்த்தம். அவனுக்கு ஈறே கருப்பா இருந்தா கண்ணோட கீழ் இமையை இறக்கிப் பாருங்க.

கேனுலா போட்ட காலை மறக்காதீங்க. எங்க வார்டுல புதுசா வர்ற பிள்ளைகளுக்கு நான் முதல்ல சொல்லித் தர்றது பாதத்தைப் பார்க்கத்தான். ரெண்டு நடுவிரலும் சேர்ந்து ஒட்டி இருக்கணும். நகம் விலகி விரல் பரப்பிக்கிட்டு இருந்தா வீக்கம், ப்ளாஸ்டர் இறுக்கிடுச்சுன்னு அர்த்தம். இன்னொரு முன்னங்காலோட சேர்த்து வச்சு ரெண்டையும் ஒரே நேரத்துல தொட்டுப் பாருங்க, அப்பத்தான் சூடு வித்தியாசம் தெரியும்.

எடை போட வழி இருக்கா?

தோப்புவீடு | வியாழன் இரவு 9:22

கண்ணு, நீ சொன்னதெல்லாம் எழுதிக்கிட்டேன். தேங்கா எடை போடற மெசின் களத்துல இருக்குது. அன்னக்கூடையை வச்சு சைபர் பண்ணிட்டு, துணி விரிச்சு அவனை உள்ள படுக்க வச்சோம். 3.840 காட்டுது. சூடு 102.9. ஈறு பாதி கருப்பு பாதி ரோஸ், ரெண்டு எண்ணுறதுக்குள்ள வந்துடுது. நடுவிரல் ஒட்டித்தான் இருக்குது.

வார்டுஅக்கா | வியாழன் இரவு 9:30

தேங்காய்த் தராசு எங்க ஆஸ்பத்திரித் தராசை விட நல்லதும்மா, 10 கிராம் வரைக்கும் காட்டும். காலையில மறுபடி போடுங்க. ஒரே ராத்திரியில குறையற எடை கறி இல்லை, தண்ணி. 100 கிராம் குறைஞ்சா 100 மில்லி தண்ணி போயிருக்கு. அந்த நம்பரை வச்சு டாக்டர் ட்ரிப்ஸ் கணக்குப் போடுவாங்க.

அடுப்படி வேண்டாம். தனி அறையோ திண்ணையோ மாத்துங்க. ஆனா காத்து அடிக்காத இடமா இருக்கணும், இந்த மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து குட்டிக்கு ஆகாது. சாக்கை எடுத்துட்டுப் பழைய வேட்டியை மடிச்சுப் போடுங்க, நனைஞ்சா உடனே மாத்தலாம். பின்பக்கம் ஈரமாவே இருந்தா ஒரே நாள்ல தோல் வெந்து போகும். வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சு ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. வாலைச் சுத்தி ஒரு பேண்டேஜ் துணி கட்டிட்டா சுத்தம் பண்ணச் சுலபம்.

மூணாம்வருசம் | வியாழன் இரவு 10:05

உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். அக்கா சொன்ன எல்லாவற்றையும் அப்படியே செய்யுங்கள் அம்மா. பதநீர் அண்ணாவுக்காகக் கொஞ்சம் விளக்கம்.

இந்த வைரஸ் 1978 வாக்கில்தான் நாய்களிடம் புதிதாகத் தெரிய வந்தது. வேகமாகப் பிரிந்து வளரும் செல்களைத் தேடிப் போய் அழிக்கும். குடலின் உள்சுவர் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. அந்தப் புதுப்பிக்கும் இடத்தை வைரஸ் அழித்துவிடும். சுவர் உரிந்து ரத்தம் வருகிறது, குடலில் இருக்கும் பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழைகிறது. அதே நேரம் எலும்பு மஜ்ஜையும் அடிபடுவதால் எதிர்த்து நிற்க வெள்ளையணு இருக்காது. ஆன்டிபயாடிக் ஊசி அந்தப் பாக்டீரியாவுக்கு. வைரஸை உடம்புதான் வெல்ல வேண்டும், அதற்கு நான்கைந்து நாள் தேவை. அந்த நாட்களில் தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் குறையாமல் குட்டியை உயிரோடு வைத்திருப்பதுதான் சிகிச்சை. அண்ணாவின் நாய் வளர்ந்த நாயாக இருந்திருந்தால் தன் பலத்தில் மீண்டிருக்கும். ரத்தமாகப் போவதற்கு வேறு காரணங்களும் உண்டு, கொக்கிப்புழு ஒன்று.

ஒரு தடுப்பூசி போட்டும் ஏன் வந்தது என்று நினைப்பீர்கள். சீம்பாலில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சில வாரம் இருக்கும். நோயைத் தடுக்கப் போதாத அளவுக்கு அது குறைந்த பிறகும், ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கிற அளவுக்கு மிச்சம் இருக்கும். அது எந்த வாரம் தீரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் முடியும் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். உங்கள் பக்கம் தப்பில்லை அம்மா.

தரைக்கு டெட்டால், ஃபினைல், சானிடைசர் எதுவும் இந்த வைரஸைக் கொல்லாது. 5 சதவீத ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) திரவம் கிடைத்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. முதலில் சோப்புப் போட்டு மலத்தையும் மூத்திரத்தையும் முழுக்கக் கழுவிவிட்டு, பிறகு இதை ஊற்றி 10 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் வீண். ஆசிட்டோடு கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். குட்டி இருக்கும் அறையில் நெடி நிற்கக் கூடாது.

பதநீர் | வியாழன் இரவு 10:20

தம்பி சொன்னது புரிஞ்சுது. என் நாய்க்கு நாலு வயசு, நீங்க சொல்ற கணக்கு சரிதான். அக்கா, நான் சொன்னதைச் செய்ய வேண்டாம். என்கிட்ட ஹைப்போ கேன் இருக்கு, காலைல கொண்டு வந்து தர்றேன்.

தோப்புவீடு | வெள்ளி அதிகாலை 3:14

யாராச்சும் முழிச்சிருக்கீங்களா. 12 மணிக்கு 101.2 இருந்துச்சு. இப்ப 98.8. கேனுலா போட்ட கால் நடுவிரல் விலகி நகம் பரப்பிக்கிட்டு நிக்குது, பாதம் சில்லுன்னு இருக்குது. தலையைத் தூக்க மாட்டேங்கிறான்.

வார்டுஅக்கா | வெள்ளி அதிகாலை 3:17

டியூட்டில இருக்கேன்மா. டாக்டருக்கு இப்பவே போன் போடச் சொல்லுங்க மருமகளை. நீங்க காலைப் பாருங்க. மேல சுத்தின பட்டையை மட்டும், கேனுலா இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், மொன்னை நுனி கத்தரிக்கோலால மெதுவாக் கீழிருந்து மேல வெட்டி விடுங்க. உள்ள ஒட்டியிருக்கிற வெள்ளை டேப்பைத் தொடாதீங்க, அதுதான் கேனுலாவைப் பிடிச்சிருக்கு. மேல தளர்வாத் துணி சுத்திக்கலாம்.

வென்னீர் பாட்டில்ல கை பொறுக்கிற சூட்டுத் தண்ணி ஊத்தி, துண்டு ரெண்டு சுத்து சுத்தி முதுகுப் பக்கம் வைங்க. ஒரு பக்கம் மட்டும். சுட்டா நகர்ந்து போக அவனுக்குத் தெம்பில்லை, நகர முடியாத குட்டிக்குத் தோல் பொத்துப் போறதைப் பார்த்திருக்கேன்.

குளுக்கோஸ் பவுடர் இருந்தா தண்ணியில கெட்டியாக் குழைச்சு விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. ஊத்தக் கூடாது, தடவத்தான். சின்னக் குட்டிக்கு வயிறு காய்ஞ்சா சர்க்கரை சட்டுனு இறங்கிடும். எழுதிக்கிட்டே செய்யுங்க.

தோப்புவீடு | வெள்ளி அதிகாலை 4:02

வெட்டி விட்டேன். டாக்டரம்மா எடுத்தாங்க, ஆறரைக்கே வந்து தொறக்கறேன்னாங்க. தேன் இருந்துச்சு, தடவுனேன். நாக்கை ஒரு தடவை வெளிய விட்டு நக்குனான். நகம் ரெண்டும் கிட்ட வந்திருக்குது. 99.4.

தோப்புவீடு | வெள்ளி மதியம் 1:40

இப்பத்தான் வீட்டுக்கு வந்தோம். காலைல எடை 3.620. நோட்டைத் தொறந்து மேசையில வச்சேன். டாக்டரம்மா ஒரு வார்த்தை கேக்காம அதையே படிச்சாங்க. 220 கிராமைச் சுத்தி வட்டம் போட்டாங்க. சர்க்கரை பார்த்தாங்க, 52. கம்மின்னு சொல்லி ட்ரிப்ஸ்ல டெக்ஸ்ட்ரோஸ் கலந்தாங்க. வெள்ளையணு 2,100. ட்ரிப்ஸ் அளவைக் கூட்டி இன்னைக்கு ரெண்டு வேளை வரச் சொல்லியிருக்காங்க.

மூணாம்வருசம் | வெள்ளி பிற்பகல் 2:15

நாய்க்கு வெள்ளையணு ஏறத்தாழ 6,000லிருந்து 17,000 வரை இருக்கும். 2,100 குறைவுதான், இந்த நோயில் இப்படித்தான் இறங்கும். நாளை மறுநாள் அது ஏற ஆரம்பித்தால் நல்ல அறிகுறி. தண்ணீர்க் கணக்கையும் பாருங்கள்: ஒன்றும் இழக்காமல் சும்மா படுத்திருக்கவே கிலோவுக்கு 60 மில்லி வீதம் இவனுக்கு ஒரு நாளைக்கு 230 மில்லி வேண்டும். ஒரே ராத்திரியில் 220 போயிருக்கிறது. அதையும் சேர்த்து ஏற்ற வேண்டும். தராசு இல்லாமல் இது தெரிந்திருக்காது.

வாளையார்பூனை | வெள்ளி மாலை 4:30

நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும். எங்க ஆண் பூனை, நாலு வயசு, நேத்து ராத்திரியிலிருந்து மண்தட்டுல போய்ப் போய் முக்குது, ஒண்ணும் வரலை. அடியில நக்கிக்கிட்டே இருக்கு, தொட்டாக் கத்துது. மலச்சிக்கல், விளக்கெண்ணெய் குடுங்கன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க.

வார்டுஅக்கா | வெள்ளி மாலை 4:34

அது மலச்சிக்கல் இல்லை, மூத்திரக் குழாய் அடைச்சிருக்கும். ஆண் பூனைக்கு அது ஊசி மாதிரிக் குழாய். வண்டி எடுத்து இப்பவே கிளம்புங்க, நாளைக்குக் காலைன்னு வைக்காதீங்க. மூத்திரம் உள்ளேயே நின்னா பொட்டாசியம் ஏறி இதயம் நின்னுடும். வயித்தை அமுக்கிப் பார்க்காதீங்க, பை வெடிச்சிடும். வலிக்குதேன்னு பாராசிட்டமால் குடுத்திடாதீங்க, பூனைக்கு அது விஷம், அரை மாத்திரையே கொல்லும்.

வாளையார்பூனை | வெள்ளி இரவு 9:50

குழாய் போட்டு எடுத்தாங்க, ரத்தமா வந்துச்சு. மூணு நாள் அங்கேயே வைக்கணுமாம். நாளைக்குக் காலைலன்னு விட்டிருந்தா பிழைச்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னார். உங்க கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும் அக்கா.

மிருகாசுபத்திரி | சனி காலை 7:15

சித்தூர் தாலுக்காவில் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். கேரள அரசுப் பணி, வீட்டில் தமிழ். இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, அம்மா, தெருவிலிருந்து வந்த குட்டி, வயது மூன்று மாதம். வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்க வாய்ப்பில்லை. இத்தனை நாள் வாயைத் திறந்து பார்த்தபோது யார் கையிலாவது பல் பட்டதா? பட்டிருந்தால் சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லுங்கள். எங்கள் மாவட்டத்தில் கடி வாங்கி வருபவர்களில் நிறையப் பேர் கழுவாமலே வருகிறார்கள், மஞ்சளும் மிளகாயும் வைத்துக் கட்டியும் வருகிறார்கள். கழுவுவதுதான் முதல் மருந்து.

இரண்டாவது, வார்டுஅக்கா செய்யும் வேலையைப் பற்றி. பிரிட்டனில் 1961லேயே இந்த வேலைக்குப் படிப்பும் தேர்வும் வைத்தார்கள். ஆரம்பத்தில் நர்ஸ் என்ற பெயரைக்கூட வைத்துக்கொள்ள முடியவில்லை, 1984லிருந்துதான் வெட்டரினரி நர்ஸ் ஆனார்கள். அதே 1984ல்தான் நம் நாட்டில் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தது. அதன் 30ஆம் பிரிவு, சிகிச்சை செய்வது பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே என்கிறது. டிப்ளமோ அல்லது சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளர், ஸ்டாக்மேன் போன்றவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகளைச் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. நான் அந்த வகையில் வருகிறவன். ஆனால் என் படிப்பு முழுக்க மாடு, ஆடு, கோழி. கூண்டில் படுத்திருக்கிற நாய்க்கு ராத்திரி மூன்று மணிக்கு நடுவிரல் விலகியிருக்கிறதா என்று பார்க்கிற ஆளுக்கு இங்கே பதிவும் இல்லை, பெயரும் இல்லை. அட்டெண்டர் என்போம், பழைய ஆட்கள் கம்பவுண்டர் என்பார்கள்.

வார்டுஅக்கா | சனி காலை 11:20

சார், இதை நீங்க எழுதினதைப் பார்த்ததும் கண்ணு கலங்கிடுச்சு. சம்பளச் சீட்டுல எனக்கு ஹெல்ப்பர்னு போட்டிருக்கும். கேனுலா போடறப்ப காலைப் பிடிக்கிறது, ஆபரேஷன்ல மயக்கத்தைக் கவனிக்கிறது, தையல் பிரிஞ்சிருக்கான்னு பார்க்கிறது, கூண்டு கழுவறது எல்லாம் ஒரே ஆள். எல்லாம் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தர்றேன், எனக்கு யாரும் உட்கார வச்சுச் சொல்லித் தரலை.

முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல ராத்திரி யாரையும் வைக்க மாட்டாங்க. ட்ரிப்ஸைப் போட்டுவிட்டுப் பூட்டிட்டுப் போயிடுவோம். ஒரு நாள் காலைல தொறந்தா, ஒரு லாப்ரடார் கேனுலாவைக் கடிச்சுப் பிடுங்கிட்டு ரத்தத்துல படுத்திருந்துச்சு. உயிர் இருந்துச்சு, மத்தியானம் போயிடுச்சு. அதோட சொந்தக்காரர் பெரியவர், ராத்திரி பூரா ஆள் இருந்தாங்கன்னு நம்பிக்கிட்டு எனக்கு நன்றி சொன்னார். என்னால பதில் சொல்ல முடியலை. அந்த மாசமே வேலையை விட்டேன். அதனாலதான் அம்மா, ஆளில்லாத வார்டுல வைக்காம உங்க டாக்டர் நேர்மையா வீட்டுக்கு அனுப்பினது எனக்குப் பெரிசாத் தெரியுது.

தடுப்பூசி விஷயத்துல சார் சொன்னது நூத்துக்கு நூறு. இந்த வேலைக்கு வர்ற எல்லாரும் கடிபடறதுக்கு முன்னாடியே வெறிநாய் ஊசி போட்டுக்கணும். நான் போட்டிருக்கேன். தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு, எச்சில் ஒழுகுதுன்னு ஒரு நாயைக் கொண்டு வந்தா, உறை போடாம வாய்க்குள்ள கையை விடவே விடாதீங்க. தாடை தொங்கி எச்சில் வடியறது வெறிநோயாவும் இருக்கும்.

தோப்புவீடு | சனி இரவு 8:00

மருமக கட்டைவிரல்ல வெள்ளிக்கிழமை பல் பட்டுச்சு, ரத்தம் வரலைன்னு எங்கிட்டச் சொல்லலை. சார் எழுதினதைப் படிச்சுட்டுத்தான் காட்டுனா. கழுவிட்டுப் போய் முதல் ஊசி போட்டாச்சு. அரசு ஆஸ்பத்திரியில தோல்ல போடற ஊசிங்கிறதால இன்னும் 3, 7, 28ஆம் நாள் வரச் சொன்னாங்க.

கருப்பன் மத்தியானத்திலிருந்து வாந்தி எடுக்கலை. ஆறு மணிக்கு மூத்திரம் போனான், மஞ்சளா இருந்தது இப்ப வெளுத்திருக்குது. எழுதிட்டேன்.

மூணாம்வருசம் | சனி இரவு 8:40

சாப்பாடு எப்போது என்று டாக்டரிடம் கேளுங்கள். முன்பெல்லாம் வாந்தி முழுக்க நிற்கும் வரை பட்டினி போடுவார்கள். 2003ல் 30 நாய்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. பாதிக்கு வழக்கம்போலப் பட்டினி, பாதிக்கு முதல் நாளிலேயே மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உணவு. சீக்கிரம் உணவு கிடைத்த நாய்கள் சீக்கிரம் தேறின, எடையும் கூடியது. குடல் சுவர் தனக்குத் தேவையானதைத் தன் வழியாகப் போகும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்ளும். குழாய் போடுவது டாக்டர் வேலை. அவன் தானாக நக்கிச் சாப்பிட்டால் அது தேவைப்படாது.

தோப்புவீடு | ஞாயிறு மதியம் 12:30

டாக்டரம்மா சரின்னுட்டாங்க. கோழிக்கறியை எலும்பில்லாம வேக வச்சு, குழைஞ்ச சோத்தோட மிக்ஸியில அடிச்சு, உப்பு போடாம, வெதுவெதுன்னு ஒரு தேக்கரண்டி என் உள்ளங்கையில வச்சு நீட்டுனேன். மோந்தான். ரொம்ப நேரம் மோந்துக்கிட்டே இருந்தான். அப்புறம் நக்கி எடுத்துட்டு என் கை ரேகையெல்லாம் நக்குனான். ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு கரண்டி. உள்ளேயே தங்குச்சு. பாலு ஊத்தலாமான்னு எங்க வீட்டுக்காரர் கேக்கறாரு.

வார்டுஅக்கா | ஞாயிறு மதியம் 12:41

பால் வேண்டாம்மா, உரிஞ்ச குடலுக்குப் பால் செரிக்காது, மறுபடி வயித்தால போகும். இதே கஞ்சியை ஆறேழு வேளையாப் பிரிச்சு நாலஞ்சு நாள். அப்புறம் பழைய சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாச் சேருங்க. பசியில நிறையக் கேப்பான், மனசு இளகிடாதீங்க.

தோப்புவீடு | புதன் மாலை 6:15

கேனுலா எடுத்தாச்சு. எடை 3.910. வெள்ளையணு 8,400. நேத்து மலம் கெட்டியாச்சு, ரத்தம் இல்லை. தென்னை மட்டையைக் கடிச்சு இழுத்துக்கிட்டுத் திண்ணையைச் சுத்தறான். தங்கச்சி வீட்டுல ரெண்டு மாசக் குட்டி ஒண்ணு இருக்குது, எங்க தோப்புக்குக் கொண்டு வரலாமான்னு கேக்கறா.

மூணாம்வருசம் | புதன் இரவு 7:30

வேண்டாம் அம்மா. கருப்பன் இன்னும் ஒன்றிரண்டு வாரம் மலத்தில் வைரஸை வெளியேற்றிக்கொண்டிருப்பான். சிமெண்ட் தரையை ஹைப்போவால் கழுவலாம், தோப்பு மண்ணைக் கழுவ முடியாது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட அது கிடக்கும். அந்தக் குட்டிக்கு 16 வாரம் முடிந்து கடைசி ஊசியும் போட்ட பிறகு பார்க்கலாம். நீங்களும் அங்கே போகும்போது செருப்பை மாற்றிக்கொண்டு போங்கள். கருப்பனுக்கு மிச்சத் தடுப்பூசியை எப்போது போடலாம் என்று டாக்டர் சொல்வார், வெறிநாய் ஊசியையும் அப்போதே கேளுங்கள்.

பதநீர் | புதன் இரவு 8:05

நான் தந்த கேன் இன்னும் பாதி இருக்கும், வச்சுக்கங்க அக்கா. என் நாய்க்கு இத்தனை வருசமா ஒரு ஊசியும் போடலை. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன்.

தோப்புவீடு | புதன் இரவு 9:10

டாக்டரம்மா நோட்டைக் கேட்டு வாங்கி போட்டோ எடுத்துக்கிட்டாங்க. இதே மாதிரி கோடு போட்டு, தலைப்பெல்லாம் மலையாளத்துலயும் தமிழ்லயும் எழுதித் தர முடியுமா, ட்ரிப்ஸோட வீட்டுக்குப் போறவங்களுக்குக் குடுத்தனுப்பறேன்னு கேட்டாங்க. மருமக எழுதிட்டிருக்கா. வார்டுஅக்கா கண்ணு, சூடுங்கிற கட்டத்துக்குப் பக்கத்துலயே 100.5லிருந்து 102.5ன்னு போட்டுடலாம், பாதம்னு ஒரு கட்டம் சேர்த்து நடுவிரல் ரெண்டையும் படமா வரையலாம்னு சொல்றா. வரையட்டுமா?

வார்டுஅக்கா | புதன் இரவு 9:26

வரையச் சொல்லுங்கம்மா. ஒட்டியிருக்கிற மாதிரி ஒண்ணு, விலகியிருக்கிற மாதிரி ஒண்ணு. எனக்கும் ஒரு நகல் வேணும், எங்க வார்டுல ஒட்டறதுக்கு.